நிலத்தை ஈடு வைக்க வேண்டாம்: வலங்கைமான் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 500க்கு 478 வாங்கியிருக்கிறாள். கணக்கில் 99. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் பிள்ளை அவள்தான். இரண்டு மா சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்து என் கணவர் சாகுபடி செய்கிறார். நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. மகளுக்குச் சென்னை ஐ.ஐ.டி., இல்லையென்றால் திருச்சி என்.ஐ.டி., அதுவும் இல்லையென்றால் கிண்டி என்று ஆசை. வெளியூரில் விடுதியோடு இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தால் இடம் உறுதி என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு நாலு லட்சம் ஆகுமாம். நிலத்தை ஈடு வைத்துச் சேர்க்கலாமா? இந்த மார்க்குக்கு அவளுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

(கடிதத்தின் அடியில், வேறொரு கையெழுத்தில்: "தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அங்கே போய்ச் சமாளிக்க முடியுமா சார்?")

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் முன் முதல் கேள்விக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளிச் சேர்க்கைக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. நிலத்தை ஈடு வைக்க வேண்டாம். உங்கள் மகளை அந்தத் தனியார் பள்ளிக்கும் அனுப்ப வேண்டாம். நாலு லட்சம் பெரிய தொகை என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்தத் தொகையைச் செலவு செய்து, அவள் கையில் இப்போது இருக்கும் மிகப் பெரிய உரிமை ஒன்றை நீங்களே பறித்துக்கொள்வீர்கள் என்பதுதான் முக்கியமான காரணம்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருப்பது உங்களுக்குச் செவிவழியாகத் தெரிந்திருக்கலாம். 2020ஆம் ஆண்டு மருத்துவப் படிப்புக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்குரிய நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. உங்கள் மகள் ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டாள், இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கின்றன. இந்த இரண்டு ஆண்டுகளில் தனியார் பள்ளிக்கு மாறினால், முன்பு படித்த ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து அந்தத் தகுதி போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் இதே நிலைதான். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பெயர் பெற்ற பழைய உதவி பெறும் பள்ளிகள் பல இருப்பதால், அவையும் அரசுப் பள்ளிகள்தாம் என்று எண்ணிச் சேர்த்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் வந்து கலங்கி நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளிகளின் கற்பித்தலில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒதுக்கீட்டின் வரையறைக்குள் அவை வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஒதுக்கீட்டின் கீழ் பொறியியல் படிப்பில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. ஆக, நாலு லட்சம் கடன் வாங்கி ஒரு பக்கம் செலவழித்து, மறுபக்கம் நான்கு ஆண்டுக்கால இலவசப் படிப்புக்கான தகுதியையும் விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. விடுதியில் தங்கும் ஒரு பெண்ணின் கைச்செலவுக்கு அது போதும். இடம் உறுதி என்று உங்களிடம் சொன்னவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: நுழைவுத்தேர்வின் வழியாக நிரப்பப்படும் இடத்தை எந்தப் பள்ளியாலும் உறுதி செய்ய முடியாது.

இனி, எத்தனை சதவீதம் வாய்ப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்திவிட்டு, இப்போது மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையைச் செய்துவருகிறேன். மே, ஜூன் மாதங்களில் என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். பத்தாம் வகுப்பில் வாங்கிய 478 என்பது உங்கள் மகள் கவனமாகப் படிப்பவள் என்பதைக் காட்டுகிறது. ஆனால் நீங்கள் பெயர் சொன்ன மூன்று இடங்களிலும் தரவரிசையை அந்த மதிப்பெண் முடிவு செய்வதில்லை. கிண்டி ஒன்றை அளக்கிறது, திருச்சி வேறொன்றை அளக்கிறது, ஐ.ஐ.டி. மூன்றாவதாக இன்னொன்றை அளக்கிறது. ஒரே நெல்லை ஒரு வியாபாரி ஈரப்பதம் பார்த்து எடுக்கிறார், இன்னொருவர் ரகம் பார்த்து எடுக்கிறார். அதுபோலத்தான் இதுவும். ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம், கிண்டியிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

கிண்டி பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பு. அங்கே சேர நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வின் கணித மதிப்பெண் நூற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஐம்பது ஐம்பதுக்கு எடுத்துக்கொள்ளப்படும். மூன்றையும் கூட்டினால் இருநூறுக்குக் கட்ஆஃப் வரும். இதில் மறைந்திருக்கும் ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 98 வாங்கினால் அவளுடைய கட்ஆஃப் 92, 49, 49 சேர்ந்து 190. இன்னொருத்தி கணிதத்தில் 98 வாங்கி, மற்ற இரண்டிலும் தலா 92 வாங்கினால் 98, 46, 46 சேர்ந்து அவளுக்கும் 190. முதல் மாணவியின் மூன்று பாட மொத்தம் 288, இரண்டாமவளின் மொத்தம் 282. ஆறு மதிப்பெண் குறைவாக வாங்கியும் இரண்டாமவள் சமமாக நிற்கிறாள். சமமாக நிற்பது மட்டுமில்லை, இருவரும் ஒரே கட்ஆஃபில் இருக்கும்போது முதலில் கணித மதிப்பெண்ணையும் அதன் பிறகு இயற்பியலையும் பார்த்துத்தான் யார் முன்னால் என்று முடிவு செய்கிறார்கள் என்பதால், இரண்டாமவளே தரவரிசையில் முன்னே போய்விடுகிறாள். கணிதத்தில் 99 வாங்கிய உங்கள் மகளுக்கு இந்த முறை சாதகமானது.

இந்தக் கட்ஆஃப் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போன ஆண்டோடு ஒப்பிடாதீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து உயரும், அப்போது 190 என்பது போன ஆண்டு 190 நின்ற இடத்தில் நிற்காது. தரவரிசை எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும், அதிலும் உங்கள் வகுப்புக்கான தரவரிசையை. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20 விழுக்காடு உண்டு. அந்தப் பட்டியலிலும், பொதுப் பட்டியலிலும், 7.5 விழுக்காட்டுப் பட்டியலிலும் உங்கள் மகளின் பெயர் இடம்பெறும். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எந்த வகுப்புக்கு எதுவரை இடம் போனது என்ற விவரத்தைப் பொறியியல் சேர்க்கைக் குழு தன் இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பள்ளியின் கணினி ஆசிரியரிடம் கேட்டு, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் விவரத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: பத்தாம் வகுப்பில் இருக்கும் இந்த ஒழுங்கைப் பிளஸ் டூ வரை காப்பாற்றினால், கிண்டியோ, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ, அல்லது அவற்றுக்கு இணையான ஓர் அரசு பொறியியல் கல்லூரியோ உங்கள் மகளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கடன் வாங்காமலேயே அவள் போய்ச் சேரக்கூடிய இடம் அது. நீங்கள் அதை மூன்றாவது ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சி என்.ஐ.டி.யின் கணக்கு வேறு. அங்கே பிளஸ் டூ மதிப்பெண் நுழைவதற்கான தகுதி மட்டுமே. 75 விழுக்காடு இருந்தால் போதும், இடத்தை முடிவு செய்வது ஜே.இ.இ. மெயின் என்னும் அகில இந்திய நுழைவுத்தேர்வின் தரவரிசை. அந்தத் தேர்வு ஜனவரியில் ஒரு முறையும் ஏப்ரலில் ஒரு முறையும் நடக்கிறது. இரண்டும் எழுதலாம், நன்றாக எழுதியதை எடுத்துக்கொள்வார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் சம மதிப்பு. கிண்டியில் கணிதத்துக்குக் கிடைக்கும் இரட்டிப்புச் சலுகை இங்கே இல்லை. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பு. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதும் தேர்வு என்பதால், 99 பெர்சன்டைல் என்று கேட்கும்போது நூற்றுக்கு 99 வாங்கியது போலத் தோன்றினாலும், அப்போதும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் முன்னால் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்து மலைத்துவிடவும் வேண்டாம். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்களுக்கு உங்கள் மகள் போட்டியிடப்போவது தமிழ்நாட்டில் படித்தவர்களோடு மட்டுமே. பெண்களுக்கென்று தனி இடங்களும் உண்டு. மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 27 விழுக்காடு. இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யும்போது, பொதுத் தரவரிசையைப் பார்த்து அஞ்சிய பல பெண்கள் கடைசியில் நல்ல இடத்தில் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். உங்கள் ஊருக்கு இன்னொரு என்.ஐ.டி.யும் தொலைவில்லை, காரைக்காலில் இருக்கிறது. ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உரியது என்பதால், நாம் அங்கே வெளிமாநிலத்தவர்தான். கிட்டத்தில் இருப்பதால் சலுகை உண்டு என்று எண்ணிவிட வேண்டாம்.

ஐ.ஐ.டி. இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஜே.இ.இ. மெயினில் முன்னணியில் வரும் இரண்டரை லட்சம் பேர்தான் அட்வான்ஸ்டு தேர்வை எழுத முடியும். நாடு முழுவதும் உள்ள ஐ.ஐ.டி.கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 18 ஆயிரம் இடங்கள். மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. அந்தத் தேர்வு அளப்பது நினைவாற்றலை அன்று, ஒழுங்கான உழைப்பை மட்டும் அன்று. பழகாத கணக்கின் முன்னால் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் பதறாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். இதை விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது.

பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகம் இப்படிக் கேட்கும்: இரண்டு எண்களின் கூடுதல் 5, பெருக்கற்பலன் 6, அந்த எண்கள் எவை? உங்கள் மகள் 2, 3 என்று நொடியில் சொல்லிவிடுவாள். இப்போது அவளிடம் இப்படிக் கேளுங்கள்: இரண்டு முழுக்களின் பெருக்கற்பலன் 6 என்றால், அவற்றின் கூடுதல் எத்தனை வெவ்வேறு மதிப்புகளாக இருக்க முடியும்? நான் இதை வகுப்பில் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் 2, 3 எடுத்து 5 என்றும், 1, 6 எடுத்து 7 என்றும் எழுதிவிட்டு, இரண்டு என்று விடை சொல்லி நிமிர்ந்து பார்ப்பார்கள். ஓரிருவர் மட்டும் பேனாவைக் கீழே வைக்காமல், கேள்வியில் இயல் எண்கள் என்று சொல்லவில்லையே, முழுக்கள் என்றுதானே இருக்கிறது என்று திரும்பப் படித்து, குறை எண்களையும் எடுத்துப் பார்த்து, கழித்தல் 5, கழித்தல் 7 இரண்டையும் சேர்த்து நான்கு என்று எழுதுவார்கள். இந்தக் கணக்கில் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பாடம் எதுவும் இல்லை. கேள்வியை இரண்டாம் முறை படிக்கும் பழக்கம் மட்டுமே இருக்கிறது. உங்கள் மகள் முதல் முறையில் இரண்டு என்று சொன்னாலும் கவலைப்பட வேண்டாம். நான்கு என்பதை அறிந்த பிறகு, பெருக்கற்பலன் 12 என்றால் என்னவாகும் என்று அவளாகவே தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறாளா என்று மட்டும் பாருங்கள். உட்கார்ந்தால் ஐ.ஐ.டி. கனவை அவளோடு சேர்ந்து நீங்களும் காணலாம்.

நேர்மையாகச் சொன்னால், இன்றைய நிலையில் ஐ.ஐ.டி.க்கான வாய்ப்பை என்னாலும் யாராலும் எண்ணிக்கையாகச் சொல்ல இயலாது. இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகும் அது கடினமானதாகவே இருக்கும். முயலக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மெயின் தேர்வுக்கு உழைப்பதும் அட்வான்ஸ்டு தேர்வுக்கு அடித்தளம் போடுவதும் ஒரே உழைப்புதான், அந்த உழைப்பில் ஒரு துளியும் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு வீணாகப் போவதில்லை. 2018–19 முதல் நடைமுறைக்கு வந்த மேல்நிலைப் பாடப்புத்தகங்களும் பழையவற்றைவிட ஆழமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஐ.ஐ.டி. கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று வீட்டில் ஒருவரும் பேசாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பணத்தை நினைத்து முதலிரண்டு ஆசைகளையும் நீங்கள் அடக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து ஐ.ஐ.டி. போன்ற உயர் நிறுவனங்களில் சேரும் மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்று 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதற்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படைத் தகுதி என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்காத ஓர் இடத்தைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நம் பகுதியிலேயே இருந்தும் நம் பிள்ளைகள் அதை நினைப்பதே இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம், நிஃப்டெம் என்று சொல்வார்கள், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக நம் டெல்டாவின் நெல்லுக்காகவே தொடங்கிய நிறுவனம். 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது. அங்கே உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்க ஜே.இ.இ. மெயின் தரவரிசை போதும், தனித் தேர்வு தேவையில்லை. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண், அந்த ஈரப்பதத்தைக் குறைக்கும் இயந்திரத்தை வடிவமைக்கக் கற்றுக்கொள்ளும் இடம் அது. அறிவியலை அறிவியலாகவே படிக்க வேண்டும் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றினால், திருவாரூருக்கு அருகே நீலக்குடியில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் என்னும் பொது நுழைவுத்தேர்வு எழுதி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இதை நிறுத்திப் படியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் என்னிடம் வந்தான். நல்ல தரவரிசை, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. மாநில அரசு தந்த சாதிச் சான்றிதழை நெகிழி உறையில் மடிப்பு விழாமல் வைத்திருந்தான். என்.ஐ.டி. கலந்தாய்வுக்கு அதுவே போதும் என்று அவனும் நினைத்தான், அவனுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவர்களும் நினைத்தார்கள். மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசின் படிவத்தில் வழங்கப்படும் ஓ.பி.சி. சான்றிதழ், அதாவது வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் சான்றிதழ், தனியாக வேண்டும். அதுவும் சேர்க்கை நடக்கும் ஆண்டின் ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். குறித்த நாளுக்குள் அவனால் அதைத் தர முடியவில்லை. பொதுப் பிரிவுக்கு மாற்றினார்கள், வந்த இடம் போயிற்று. அவனுடைய தந்தை எதுவும் பேசாமல் அந்த நெகிழி உறையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, ஜே.இ.இ. எழுதப்போகிறேன் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இந்தச் சான்றிதழைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் மகள் பிளஸ் டூ முடிக்கும் ஆண்டில், ஏப்ரல் பிறந்தவுடன் இ-சேவை மையத்தில் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்வதற்கு நாள் பிடிக்கும். இந்தச் சான்றிதழுக்கான வருமான வரம்பில் விவசாய வருமானம் சேராது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், இரண்டு மா நிலத்துக்காக யாரும் உங்களை வசதி படைத்தவர் என்று சொல்ல முடியாது. வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றையும் அந்த ஆண்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் மகளின் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் இந்த விடுமுறையிலேயே திருத்துங்கள்.

பிளஸ் ஒன் பிரிவைப் பற்றி. கணிப்பொறி அறிவியல் படித்தால்தான் கல்லூரியில் அந்தப் பிரிவு கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் பொறியியலின் எல்லாப் பிரிவுகளும் திறந்தே இருக்கும். நான்காவது பாடமாக உயிரியலை எடுத்தால் வேளாண்மைப் படிப்பும் மருத்துவப் படிப்பும் கூடக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சுமை சற்றுக் கூடும் என்பதால், உயிரியல் அவளுக்குப் பிடித்திருந்தால் மட்டும் எடுக்கட்டும். விடுதியோடு கூடிய பயிற்சி வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், மாவட்டந்தோறும் அரசு நடத்தும் மாதிரிப் பள்ளி இருக்கிறது. அதுவும் அரசுப் பள்ளியே என்பதால் 7.5 விழுக்காட்டுத் தகுதிக்குக் குறைவு வராது, கட்டணமும் இல்லை. நாளையே தலைமையாசிரியரைச் சந்தித்து, திருவாரூர் மாவட்ட மாதிரிப் பள்ளிச் சேர்க்கை எப்போது, எப்படி என்று கேளுங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் இப்போதுள்ள பள்ளியிலேயே தொடரட்டும். மேல்நிலை வகுப்பில் கணித, இயற்பியல், வேதியியல் ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்திலுள்ள வேறோர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுவதில் தவறில்லை.

கடிதத்தின் அடியில் கேள்வி எழுதிய மாணவிக்கு இனி உள்ளதைச் சொல்கிறேன்.

சமாளிக்க முடியும் அம்மா. முதல் பருவம் சிரமமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன என் மாணவர்கள் பலர், முதல் இரண்டு மாதம் வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்கவே கூசினார்கள். பாடம் புரியாததால் ஏற்பட்ட கூச்சமில்லை அது. நிகழ்தகவு என்றால் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், பேராசிரியர் ப்ராபபிலிட்டி என்று சொன்னபோது இரண்டும் ஒன்றுதான் என்று மூளை சேர்த்துப் பார்க்க ஒரு கணம் பிடித்தது, அந்த ஒரு கணத்தில் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஆகவே உனக்கு வேண்டியது அந்தக் கணத்தைக் குறைத்துக்கொள்வது. அதற்கு இரண்டு ஆண்டு தாராளமாகப் போதும்.

உன் பள்ளியில் ஆங்கில வழி பிளஸ் ஒன் கணிதப் புத்தகமும் இயற்பியல் புத்தகமும் கிடைக்கும், இரவல் வாங்கிக்கொள். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட பிறகு, அதே பாடத்தின் அதே பக்கத்தை ஆங்கிலப் புத்தகத்தில் திற. இரண்டும் பத்திக்குப் பத்தி ஒத்துப்போகும். தெரியாத சொல்லை அகராதியில் தேடாதே, பக்கத்தில் திறந்திருக்கும் தமிழ்ப் புத்தகமே உனக்கு அகராதி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வாய்விட்டுப் படி. ஒரு தனி நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதிக்கொண்டே வா. ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுது, அதில் தயக்கம் வேண்டாம். தமிழைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கணினித் திரையில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெரியும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவத்தைப் பார்த்துத் தெளியலாம். அந்த நோட்டு அன்றைக்கும் உதவும்.

பெருக்கற்பலன் 12 கணக்கை நீயே போட்டுப் பார்த்து, எத்தனை விடை வந்தது, எப்படி வந்தது என்று எனக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பு. அடித்துத் திருத்தியிருந்தால் அழிக்காமல் அப்படியே அனுப்பு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று பாட மதிப்பெண்ணையும் அம்மாவை எழுதச் சொல். அதைப் பார்த்துவிட்டு, அடுத்து எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் என்று நாம் கணக்குப் போடுவோம்.